கஞ்சாக் கடை வாசலில் நெத்திலி

ராயபுரத்தில் சர்க்கார் லைசென்ஸோடு கஞ்சாக் கடை நடந்தது என்று சொன்னால் இப்போது பாதிப் பேர் நம்புவதில்லை. ராஜாத்திக்கோ அந்தக் கடையின் பச்சைப் பலகைக் கதவுகூட மறக்கவில்லை.

அவள் அண்ணன் நீலமேகம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். வேலை விட்டு வந்ததும் தவலையைக் கவிழ்த்துத் தாளம் தட்டிப் பாடுவான், சந்தே கூடிவிடும்.

மற்றவர்களோடு சேர்ந்து அவனும் கஞ்சா பிடித்தான். மேஸ்திரி பக்தவச்சலம் வாலிபத்திலிருந்தே பிடித்தவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீலமேகத்துக்கு ஆனது. முதலில் பாட்டு நின்றது. பிறகு கப்பல் சங்கு தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். தங்கை போட்ட சோற்றையே சந்தேகப்பட்டு மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினான்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: சில பேர் மூளை இதைத் தாங்காது, யாருடையது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, முதலில் அதை நிறுத்து, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்.

நிறுத்தச் சொன்னால் கேட்கிற ஆளா? மறுநாள் ராஜாத்தி தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கஞ்சாக் கடை வாசலிலேயே வைத்து நெத்திலி வறுக்க உட்கார்ந்தாள். கடைக்காரர் வெள்ளத்துரை தெற்கத்தி ஆள், சண்டை போடத் தெரியாதவர்.

"சர்க்காருக்குப் பணம் கட்டித்தானம்மா யாவாரம் பண்ணுதேன். இங்க உக்காந்தா எப்படி?"

"நான் இன்னா சொன்னேன் அண்ணாச்சி? நெத்திலி தானே வறுத்துக்கினு கீறேன்."

நீலமேகம் வந்தான். தங்கையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினான். பல நாள் அப்படியே திரும்பினான். ஒருநாள் திரும்பாமல், அவள் பக்கத்தில் குந்தி, வறுத்த மீனுக்குக் கை நீட்டினான். மோந்து பார்க்கவில்லை.

இடையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அடுப்பில்லாத வாசலைக் கண்டு அவன் நேரே கடைக்குள் போயிருக்கிறான். வெள்ளத்துரை தராசைத் தொடவில்லையாம்.

"விக்கலாம்னு சட்டம் சொல்லுது. ஒனக்குக் குடுக்க எனக்குக் கை வரல, தம்பி. போய்த் தங்கச்சியப் பாரு."

அவன் வீட்டுக்கு வந்து அவளுக்குக் கஞ்சி காய்ச்சினான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தக் குரல் அடியோடு போய்விடவில்லை. கேட்கிற நாளில் அவளிடம் வந்து சொல்லிவிடுவான். அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள், அது அடங்கும்வரை. திரும்பவும் மூட்டை தூக்கப் போனான். பாட்டு மட்டும் வரவில்லை.

பிறகு கஞ்சாக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ராஜாத்தி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஆனால் சில மாதத்தில் சந்துக்குச் சந்து பொட்டலம் கைமாறியது. விற்கிறவன் முகம் காட்டவில்லை. வாங்குகிறவன் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதுதான் வெள்ளத்துரையின் அருமை அவளுக்குப் புரிந்தது.

அவர் மீஞ்சூரில் அரிசிக் கடை வைக்கப் புறப்பட்டார். சாமான்களையெல்லாம் நீலமேகம் தன் தலையிலேயே சுமந்து ஸ்டேஷனில் ஏற்றினான். கூலி பேசவே விடவில்லை. ரயில் அசைந்தபோது வெள்ளத்துரை ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். நீலமேகம் கூடவே நடந்து தலையைக் குனிந்து கொடுத்தான். அவர் அந்தத் தலையை மெல்லத் தடவினார்.