மாலக்கி எதில் வருகிறான்?

அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அட்ராக்டா, மாலக்கி எதுல வர்றான்?"

என் தம்பி மாலக்கி பாஸ்டனில் கூரை போடும் கம்பெனி வைத்திருக்கிறான். அயர்லாந்தில் எங்கள் லீட்ரிமில் விமானம் இறங்காது என்பது அந்த மகராசனுக்கு ரொம்ப வசதி. போன் போட்டேன்.

"ஷானனுக்கு நேரா விமானம் இருக்குடா. ராத்திரி ஏறினா காலையில இறங்கிடலாம்."

"அங்கேருந்து கார் ஓட்டணுமேக்கா. இடது பக்கம் ஓட்டுற பழக்கமே விட்டுப்போச்சு."

"அப்ப டப்ளின்ல இறங்கி ரயிலேறு. கேரிக் ஸ்டேஷன்ல நான் வந்து நிக்கிறேன்."

"பெட்டியத் தூக்கிக்கிட்டு ரயில் வேற ஏறணுமா?"

"சரி, நாக் விமான நிலையத்துக்கு வா. பக்கத்து வீட்டு ஜார்லத் கார் கொண்டு வருவாரு."

"அதுக்கு லண்டன்ல மாறணும். நாள் முழுக்கப் போயிடும்."

"போன வருஷம் டப்ளின்ல மேட்ச் பார்க்க மட்டும் றெக்கை முளைச்சுதா? வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல நீ!"

"கத்தாதேக்கா. சாவுக்குக் கண்டிப்பா வந்துடுறேன்."

ரயிலில் வருகிறான் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். "ஸ்டேஷனுக்குக் குடை எடுத்துட்டுப் போம்மா, நனைஞ்சிடுவான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவனுக்காக அடக்கத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். துக்கத்துக்கு வந்தவர்கள் தேநீரும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்து, அவன் எந்த வழியாக வந்தால் சுருக்க வரலாம் என்று சண்டையே போட்டார்கள். ஆளுக்கொரு பிள்ளை வெளிநாட்டில். வழி தெரியாதவர் யார்? கடைசியில் செய்திதான் வந்தது. 'வேலை விடலை. சர்ச் கேமராவுல இங்கேருந்தே நேரலையா பார்த்துக்கிறேன். போன தடவை யாரோட அடக்கத்துக்கோ சத்தம் சரியா கேக்கலை, ஃபாதர்கிட்ட சொல்லி வை.'

பூசை முடிந்தது. சவப்பெட்டியின் முன்பக்கம், மகன் தோள் கொடுக்கும் இடம் காலியாக இருந்தது.

"யாரும்மா நிக்கிறது?" என்று ஜார்லத் மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் நிக்கப் போறேன். கொஞ்சம் பொறுங்க."

கேமரா வைத்திருக்கும் பாடகர் குழு மாடிக்கு ஏறினேன். பெட்டி மேல் வைத்திருந்த அப்பாவின் தொப்பி என் கையில் இருந்தது. அதைக் கேமரா மேல் கவிழ்த்துவிட்டு இறங்கி வந்தேன். ஃபாதர் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

பெட்டி தோளில் கனத்தது. கோட்டுப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மண் தள்ளி முடித்த பிறகு எடுத்துப் பார்த்தேன்.

'அக்கா, ஒண்ணுமே தெரியலையே! அப்பாவ எப்படிப் பார்க்கிறது?'

'ஷானன் வழியா வாடா' என்று அனுப்பினேன்.