பல்செட் போகிறாராம்

லீக் முடிந்ததும் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். புதிதாகப் புல் விதைத்திருக்கிறது, பத்து வாரத்துக்கு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. எட்டு அணிகள் ஆடும் சின்னக் கால்பந்து லீக் அது. ஆடுகிறவர்கள் எல்லோரும் வாரத்தில் ஆறு நாள் வேறு வேலை பார்ப்பவர்கள். பந்து உருளாத அந்தப் பத்து வாரமும் உருளுவது வாய் மட்டும்தான்.

அந்த வாய்க்குத் தலைவர் ஒரு பஸ் கண்டக்டர். ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவர். முழங்கால் போன பிறகு லீக்கின் போன் குரூப்பை நடத்திக்கொண்டிருந்தார். வானொலி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதன்கிழமைதோறும் டிப்போவில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வாரச் செய்திகளைப் போடுவார். எல்லா வாக்கியமும் 'ஆம்' என்றே முடியும். தபால் அணி கேப்டனுக்கு முதுகுவலியாம். அச்சக அணிக்குப் புது ஜெர்சியாம், ஆனால் பழையதைவிட மட்டமாம். செய்தி பொய்யாகிப் போனால், "நான் எங்கே சொன்னேன்? சொல்றாங்கன்னுதானே சொன்னேன்" என்று கழன்றுகொள்ள அந்த 'ஆம்' அவருக்குப் போதும்.

மைதானம் பூட்டிய மூன்றாவது வாரம், செய்திகளின் வரிசையில் நான்காவதாக இது வந்தது: 'பாலத்தடி அணியின் பல்செட், வரும் சீசனில் மார்க்கெட் அணிக்குப் போகிறாராம்.'

பல்செட் என்பது அவருடைய பல்லை வைத்து வந்த பேர் அல்ல. அவருக்குப் பல் வரிசையாகவே இருந்தது. அவருக்கு வேலை செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, ஈறு கட்டி, மெருகேற்றி அனுப்புவார். முப்பத்தாறு வயது. பாலத்தடி அணியில் பதினொரு வருஷமாக ரைட் பேக், வலது ஓரத்தில் நின்று தடுக்கிறவர். ரைட் பேக்கை யாரும் பார்ப்பதில்லை. கோல் வாங்கினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேப்டன் அவருடைய மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்பார். மைதானத்தில் விசில் ஊதியதும் "டேய்! எங்கடா போன?" வந்துவிடும். அதைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது, ஓடுகிற பந்துக்கு உறவுமுறை தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் முடிந்து மத்தியானம் மாமியார் வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் அது தொடரும். "மாப்பிள்ளை, அந்த மூணாவது கோலுக்கு நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று ஆரம்பிக்கும். இரண்டாவது முறை பரிமாறுவதற்குள், "நீ ஏன்டா பின்னாடி போன?" என்று ஆகிவிடும். பல்செட் மென்று முழுங்கிக்கொண்டு தட்டைப் பார்ப்பார். அவர் மனைவி நடுவில் புகுந்து பேச்சை மாற்றுவார். பதினொரு வருஷமாக இதுதான் வழக்கம்.

செய்தி வந்தபோது பல்செட் ஒரு கீழ்த்தாடையில் ஆறாவது பல்லை நிறுத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் போனைப் பார்த்துவிட்டு, "என்னங்க, மார்க்கெட்டுக்குப் போறீங்களாமே, நிஜமாவா?" என்று கேட்டார்.

"அட, சும்மா" என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வாயில் வந்தது வேறு. "பாக்கலாம்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அன்று அந்த வரியை நான்கு முறை படித்தார். வானொலியின் செய்தியில் அவர் பேர் வருவது அதுதான் முதல் தடவை. கீழே ஒருவர், 'மார்க்கெட்டுக்கு அதிர்ஷ்டம்' என்று போட்டிருந்தார். 'பாலத்தடிக்கும்தான்' என்று இன்னொருவர் போட்டிருந்தார். அதையும் நான்கு முறை படித்தார்.

கேப்டனிடமிருந்து போன் வரும் என்று இருந்தார். வரவில்லை. மேட்ச் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்பதில்லை. அங்கே கேப்டன், "வாங்க மாப்பிள்ளை" என்றார். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு பாதியில் நின்றுபோன கதையைச் சொன்னார். பல்செட் தலையாட்டினார். மூன்று முறை பரிமாறியும் பேச்சு 'நீங்க' என்ற இடத்திலேயே நின்றது. மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது மனைவி கேட்டார். "அண்ணன் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கலை."

"நீங்களும் ஒண்ணும் சொல்லலை."

"கேட்டாத்தானே சொல்ல?"

மனைவி, இன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மார்க்கெட் அணியின் கேப்டன் பல்கூடத்துக்கே வந்துவிட்டார். உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி, கனத்த ஆள். மேசைமேல் வரிசையாக இருந்த தாடைகளைப் பார்த்து ஒரு கணம் தயங்கி நின்றார்.

"எங்க ஆளுங்க யாரும் உங்ககிட்ட பேசலைங்கறாங்க" என்றார்.

"யாரும் பேசலை."

"நான் பேசினேனா?"

"இல்லையே."

"அப்ப இந்தச் செய்தி எங்கேருந்து வந்துது?"

"எனக்கும் தெரியலைங்க."

வியாபாரி தன் தாடையைத் தடவிக்கொண்டார். "சரி, வந்ததுதான் வந்துது. வர்றீங்களா?" என்றார். பல்செட் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தார். "எங்க லெஃப்ட் விங்கர் இருக்கானே, தீயணைப்புல வேலை பாக்கறவன். இந்த லீக்ல அவனை எவனாலும் பிடிக்க முடியலை. உங்ககிட்ட மட்டும் அவன் பாச்சா பலிக்கலை. கோல் பக்கமா உள்ளே வெட்டவே விட மாட்டீங்க. கோட்டுப் பக்கமாவே தள்ளிக்கிட்டுப் போய் பந்தோட வெளியே அனுப்பிடுவீங்க. நாலு மேட்ச்ல ஒரே ஒரு கிராஸ் போட்டான். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

பல்செட் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். அவர் அப்படி ஆடுவது உண்மைதான். ஆனால் அது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் வானொலி போட்டார்: 'பல்செட் இடத்துக்குப் பாலத்தடி கேப்டன் ஒரு கூரியர்காரரைப் பார்த்து முடித்துவிட்டாராம். ஆள் நன்றாக ஓடுவாராம்.'

இது உறுத்தியது. போகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குள் இடத்தில் ஆள் வைத்தாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். குறைந்தபட்சம் எந்த வாய் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, அதே வழியில் வரும் வானொலியின் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறினார்.

வானொலி டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். "அடடே, மார்க்கெட்டு! வாங்க."

"யாருங்க சொன்னது உங்களுக்கு?"

"செய்தி வந்த இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அது தர்மம்."

"அந்தச் செய்தியே நான்தாங்க. எனக்குச் சொல்லலாம்."

வானொலிக்கு அந்த வாதம் சரியாகப் பட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "முழங்காலுக்கு மருந்து வாங்கப் போனேன். கவுண்டர்ல சொன்னாங்க."

"எந்தக் கடையில?"

"வேற எந்தக் கடை? உங்க வீட்டம்மா வேலை பாக்கற கடைதான். அவங்கதான் சொன்னாங்க. புருஷனைப் பத்திப் பொண்டாட்டியே சொன்ன பிறகு வேற என்ன சாட்சி வேணும்? அதுக்கும்கூட 'ஆம்' போட்டுத்தான் எழுதினேன்."

பல்செட் தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் இறங்கினார்.

வீட்டில் மனைவி அப்போதுதான் கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பல்செட் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வானொலிகிட்ட நீயா சொன்ன?"

மனைவி குழாயை மூடினார். "ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பல்செட் யோசித்துப் பார்த்தார். அண்ணன் என்ன நினைப்பாரோ என்றுதான் சொல்லியிருப்பார்.

"பதினோரு வருஷம்" என்றார் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னார். "அவன் என் அண்ணன், அவனை விட்டுக்கொடுக்க முடியாது. நீங்க என் வீட்டுக்காரர், உங்களையும் விட்டுக்கொடுக்க முடியாது. அவன் உங்களை 'டா' போட்டுப் பேசறப்ப நீங்க தட்டைப் பாக்கறீங்க. நான் உங்களைப் பாக்கறேன். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்கறேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எனக்கு நானே எடுத்துக்கறேன்."

"அதுக்காக இப்படியா?"

"வேற எப்படி? அண்ணன்கிட்ட சொன்னா நீங்க சொல்லிவிட்டதா நினைப்பான். உங்ககிட்ட சொன்னா அண்ணனுக்காகப் பொறுத்துக்கோன்னு சொல்வீங்க. அந்த ஆள் மருந்துக்கு வந்து நின்னார். வாயில வந்துது, சொல்லிட்டேன்."

"மார்க்கெட்ல மட்டும் என்னை யாரும் 'டா' போட மாட்டாங்களா?"

"போடட்டும். அவங்க வீட்ல நான் சாப்பிடப் போறதில்லை."

பல்செட் செருப்பைக் கழற்றினார். கோபம் இருந்தது, ஆனால் அதை வைக்க ஒரு இடம் அகப்படவில்லை. அன்று இரவு படுக்கப் போகும்போது, மார்க்கெட் கேப்டன் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதை அவர் மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு அது பாதிதான் புரிந்தது. ஆனால் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கவனித்தார்.

சனிக்கிழமை அவர் கேப்டனைத் தேடிப் போனார். எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுது. கேப்டன் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார். லிஃப்டைப் பழுது பார்க்கிறவரைப் பார்க்கப் படியேறித்தான் போக வேண்டும். பல்செட் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தார். கேப்டன் கிரீஸ் கையோடு நிமிர்ந்து பார்த்து, கந்தல் துணியை எடுத்து ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

"அந்தச் செய்தியைப் பத்தி மச்சான்…"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நீங்களே கேப்பீங்கன்னு நான் இருந்தேன்."

கேப்டன் ஒரு நட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "வானொலி சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்? அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேலையே ஓடலை. போறவரைப் பிடிச்சு இழுக்கறது மரியாதை இல்லைன்னுதான் வேற ஆளைப் பாத்தேன்."

உங்கள் தங்கைதான் சொன்னாள் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும், கூரியர்காரரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பல்செட் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

"போறேன் மச்சான்" என்றார்.

"என் மேல ஏதாவது…?"

"மார்க்கெட்ல ரைட் பேக் இல்லை. கேட்டாங்க."

கேப்டன் தலையாட்டினார். நட்டைப் பொருத்தி முறுக்கத் தொடங்கினார். முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார். "அந்தக் கூரியர்காரன் ஓடுவான். நின்னு யோசிக்க மாட்டான். உங்களை மாதிரி வராது."

பதினொரு வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல்செட் எட்டு மாடியும் யோசித்துக்கொண்டே இறங்கினார். பதில் கிடைப்பதற்குள் தரை வந்துவிட்டது.

சீசன் தொடங்கியது. புது அணியில் பல்செட்டுக்குப் பாலத்தடியின் நீல ஜெர்சிக்குப் பதில் மஞ்சள் ஜெர்சி கிடைத்தது. உருளைக்கிழங்கு வியாபாரி மைதானத்தில் எல்லோரையும் பார்த்துக் கத்துவார், அவரையும் பார்த்துக் கத்தினார். வாராவாரம் ஆடும் ஆட்டம்தான், பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது வாரம் பாலத்தடியும் மார்க்கெட்டும் மோதின. முதல் பாதியில் கேப்டன் வழக்கமான நடு இடத்தை விட்டுவிட்டு, வேண்டுமென்றே பல்செட் பக்கமாகவே வந்தார். பல்செட் அவரைக் கோட்டுப் பக்கமாகத் தள்ளினார். பந்து வெளியே போயிற்று. மறுபடி வந்தார், மறுபடி தள்ளினார். மூன்றாவது முறை பல்செட் பந்தைப் பார்ப்பதற்குப் பதிலாக மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த அரை நொடியில் கேப்டன் உள்ளே வெட்டிப் போய் கோல் போட்டார். இரண்டாவது பாதியில் கூரியர்காரர் அவசரப்பட்டு ஒரு பெனால்டியைக் கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

மாமியார் வீட்டில் சாப்பிடும்போது கேப்டன் அந்த கோலை இரண்டு டம்ளரையும் ஒரு கரண்டியையும் வைத்து விளக்கினார். எதிரணிக்காரரிடம் பேசுகிற கவனத்தோடு பேசினார். "நீங்க ரெண்டு தடவை என்னை மடக்கிட்டீங்க. அதனாலதான் மூணாவது தடவை நான் உள்ளே வெட்டினேன்." பல்செட் ஒரு டம்ளரைச் சற்று நகர்த்தி, "நான் இங்கே இருந்தேன் மச்சான்" என்று திருத்தினார். கேப்டன் ஒப்புக்கொண்டார். பல்செட்டின் மனைவி பேச்சை மாற்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி கேட்டார். "உள்ளே வெட்டறதுன்னா என்ன?"

பல்செட் நடைபாதையில் நின்றார். மனைவியின் கைப்பையை வாங்கிக் கீழே வைத்து, அதுதான் பந்து என்றார். சுவரைக் கோடு என்றார். மனைவியை விங்கராக நிறுத்தி, எந்தப் பக்கம் இடம் விட வேண்டும், எந்தப் பக்கம் விடக் கூடாது என்று கால் வைத்துக் காட்டினார். எதிரே வந்த ஒருவர் சுற்றிக்கொண்டு போனார்.

"இவ்வளவுதானா?" என்றார் மனைவி.

"இவ்வளவுதான்."

மனைவி பையை எடுத்துத் தூசியைத் தட்டினார். இருவரும் நடந்தார்கள்.