டெனாத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் டெனாத் வாயில் குழாயோடு நினைவில்லாமல் கிடக்கிறார். யாரோ ஒரு பெண் போனில் கூப்பிட்டு அவர் என்ன இனம் என்று கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

"ஏம்மா, இனத்தைப் பார்த்துத்தான் மூச்சு மெஷின் வைப்பீங்களா?"

"ஐயோ, இல்லை ஆன்ட்டி. டாக்டருங்க இதைப் பார்க்கவே மாட்டாங்க. நான் சுகாதாரத் துறையிலேருந்து பேசறேன். எந்த ஜனங்களுக்கு இந்தக் கொரோனா அதிகமா வருதுன்னு தெரிஞ்சாத்தான் அங்க பரிசோதனை வண்டி அனுப்பலாம்." பெயர் ஷனீஸ் என்றாள். குரலில் பார்படாஸ் தீவு வாடை. என் மகள் வயதுதான் இருக்கும்.

"இதால என் வீட்டுக்காரருக்கு என்ன லாபம்?"

"அவருக்கு ஒண்ணுமில்லை ஆன்ட்டி, இனிமே நோய் வர்றவங்களுக்குத்தான்" என்றாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"சரி, தெற்காசியர்னு போட்டுக்கோ. கயானாவுக்குக் கரும்பு வெட்டப் போன இந்தியருங்கதானே எங்க பாட்டன் பூட்டனெல்லாம்."

"அதுலதான் குழப்பம். சோதனை எடுத்த அன்னிக்கு அங்கிளே பதில் சொல்லியிருக்கார். கறுப்பர்னு இருக்கு."

டெனாத்தா? டொராண்டோவுக்கு வந்து முப்பது வருஷமாகியும் கயானாவில் தேர்தல் என்றால் நம்ம இந்தியர் கட்சி, அவங்க கறுப்பர் கட்சி என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன். இந்த வருஷம் அங்கே ஓட்டு எண்ணி முடிக்காமல் மாசக்கணக்கில் இழுக்கிறார்கள். அதை வைத்து அடுத்த பால்கனி யூலீனோடு அவர் போடாத சண்டையில்லை. யூலீனும் கயானாதான், கறுப்பினத்தவள்.

"பட்டியல்ல 'கறுப்பர்: ஆப்பிரிக்கர், கரீபியர்'னு வாசிப்போம் ஆன்ட்டி. கரீபியர்னு காதுல விழுந்ததும் சரின்னுட்டார் போல. தெற்காசியர் அதுக்கு அப்புறம்தான் வரும்."

செய்வார். எதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்? ஆனால் கரீபியர் என்றுதானே நாங்களும் எங்களைச் சொல்லிக்கொள்கிறோம்!

"மாத்திடு."

"முடியாது. அவரவர் சொன்னதுதான் செல்லும். அவர் கண்ணு முழிக்கட்டும், அவரையே கேட்டு மாத்தறேன்."

பால்கனிக்குப் போய் யூலீனிடம் சொன்னேன். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அடிப்பாவி! முப்பது வருஷமா எங்களைத் திட்டித் தீர்த்துட்டு, கடைசியில எங்ககிட்டயே வந்து உக்காந்துட்டானா உன் புருஷன்? எழுந்து வரட்டும், எங்க கட்சிக்கே ஓட்டுப் போட வைக்கிறேன்!"

நானும் சிரித்தேன். உடனே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சோறு கொண்டுவந்து தடுப்புக்கு மேலால் நீட்டினாள்.

"தின்னு முதல்ல. என் தம்பி இதே நோயில செத்தப்ப எந்தக் கழுதையும் என்ன இனம்னு கேக்கல. எங்காளுங்க எத்தனை பேர் போறாங்கன்னு கேட்டா, அந்தக் கணக்கே எடுக்கலைன்னாங்க. இப்பவாவது கேக்கறாங்களே. சரியாச் சொல்லுடி."

சரி என்றால் எது சரி? அவர் சொன்னதா, நான் சொன்னதா? எனக்கு எதுவுமே விளங்கவில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அவரே எழுந்து வந்து, தன் வாயாலேயே மாற்ற வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். டெனாத் போய்விட்டார்.

மத்தியானம் ஷனீஸ் கூப்பிட்டாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு ஆன்ட்டி. இனிமே... இனிமே நீங்க சொன்னாப் போதும். மாத்திடலாம்."

அன்றைக்கு முடியாது என்றாள். இன்றைக்கு நான் சொன்னால் போதுமாம். மாற்றாவிட்டால் கணக்கு தப்பு, வண்டி வேறு தெருவுக்குப் போகும். அது எனக்குத் தெரியாமலா?

"அவரையே கேட்டு மாத்தறேன்னு நீதானே சொன்னே?"

"ஆன்ட்டி..."

"கேளு. அவரைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லு."