தா.பழூர் ஆட்டம்

அரியலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அருள்முருகன், ஒரே ஆள் உட்கார்ந்து ஆடும் பத்துச் சீட்டாட்டங்களைத் தானே எழுதி ஒரு சிடியில் போட்டிருந்தான். மனைவியின் அண்ணன் சாமிதுரையோ, போகிற விசேஷத்திலெல்லாம், "எங்க மாப்ள சீட்டாடிப் பொழைக்கிறாரு" என்று சொல்லி மானத்தை வாங்கினார். பொறுத்துப் பார்த்த அருள்முருகன், ஓர் ஆட்டத்துக்கு மச்சானின் ஊரான தா.பழூரின் பெயரை வைத்து, அதிலிருந்து சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஆஸ் சீட்டை மட்டும் உருவிவிட்டான். இனி எந்தக் கொம்பன் வந்தாலும் அதை முடிக்க முடியாது. சிடியை மச்சானின் உரக்கடைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு வந்தவர் மீசையை நீவிக்கொண்டார்.

"நம்மூரு ஆட்டத்த முடிச்சுட்டேன் மாப்ள. கடைசியா ஆட்டின் ஆஸ் வந்து வுழுந்துச்சு பாருங்க."

அருள்முருகனுக்குப் புரையேறியது. பொய் என்று சொன்னால், தான் சீட்டை உருவியதையும் சொல்ல வேண்டும். அதனால் வேறொரு சிடி செய்து கொடுத்தான். அதில் வெறும் பச்சைத் திரைதான். ஒரு சீட்டுகூடக் கிடையாது.

அடுத்த ஞாயிறு மச்சான் கை கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்தார்.

"இது கொஞ்சம் இழுத்துச்சு மாப்ள. ஆனா சீட்டு நல்லா வுழுந்துச்சு."