இந்தூர் போகிற வழியில் ஆராட்டு

நடக்கப் போவது நான். பறப்பதற்குத் திட்டம் போட்டவர் என் கணவர். எல்லாக் குழப்பமும் இந்த வேலைப் பங்கீட்டில்தான் தொடங்கியது.

என் பெயர் விஜயம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சராக இருந்து போன மார்ச்சில் ஓய்வு பெற்றேன். எட்டாம் வகுப்புப் பாடத்தில் நர்மதை நதி பற்றி ஒரு கட்டுரை உண்டு. வருஷா வருஷம் அதை உணர்ச்சி பொங்க நடத்தியிருக்கிறேன். நதியை நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "நர்மதையைச் சுத்தி நடக்கப் போறேன்" என்றேன்.

நர்மதா பரிக்ரமா என்று அதற்குப் பெயர். ஒரு கரையில் கிளம்பி நதி கடலில் சேரும் இடம் வரை நடந்து, மறு கரையில் திரும்பி, அது பிறக்கும் இடத்தையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். நடுவில் எங்கேயும் நதியைக் கடக்கக் கூடாது. நாலு மாதமாவது ஆகும். கோயம்புத்தூரில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவகாமியம்மாள் என்பவர் பெண்களாகச் சேர்த்து ஒரு குழு அழைத்துப் போகிறார். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஓங்காரேசுவரத்தில் இருக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் சங்கல்பம் செய்துகொண்டு நடை. வராதவர்களுக்காகக் காத்திருக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

என் கணவர் ராமசுப்ரமணியன் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர். உன் மூட்டு தாங்குமா, எங்கே தூங்குவாய், என்ன சாப்பிடுவாய் என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"நடக்கறது இருக்கட்டும். அங்க எப்படிப் போவே?" என்று லேப்டாப்பைத் திறந்தார்.

திருவனந்தபுரத்திலிருந்து இந்தூருக்கு நேர் விமானம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த மிக நல்ல செய்தி அதுதான். நேர் விமானம் இருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். இல்லாததால் நாலு மாதத்துக்கு வேலை கிடைத்தது. தில்லி வழியாக வேண்டாம், பனி வந்தாலும் வரும். மும்பை வழியாக வேண்டாம், ஒரு கட்டடத்தில் இறக்கி இன்னொரு கட்டடத்தில் ஏற்றுவான். ஐதராபாத்தில் இடைவெளி போதாது.

"நாப்பது நிமிஷத்துல அந்தக் கோடி கேட்டுக்கு உன்னால நடக்க முடியாதாக்கும்" என்றார்.

நாலு மாதம் நதியைச் சுற்றி நடக்கப் போகிறவளால் விமான நிலையத்துக்குள் நடக்க முடியாது என்பது அவர் கணக்கு. அதோடு விட்டாரா. டிக்கெட்டில் எனக்குச் சக்கர நாற்காலியும் கேட்டு வைத்திருந்தார். வரிசையில் நிற்க வேண்டாமாம். பாதயாத்திரைக்குப் போகிறவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் நர்மதைத் தாயே சிரிப்பாள் என்று சண்டை போட்டுத்தான் அதை எடுக்க வைத்தேன்.

எங்கள் பெண் ஜானவி ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

"அப்பா, இது ராக்கெட் விடறதொண்ணும் இல்லை. ஒரு டிக்கெட் ஆக்கும்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

அவர் காதில் விழவில்லை. சிவகாமியம்மாளை போனில் பிடித்து, பெங்களூரிலிருந்து இந்தூர் போகிற விமானம் நர்மதைக்கு மேலே பறந்து தாண்டுகிறதே, அது குற்றமாகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சங்கல்பத்துக்கு அப்புறம்தானுங்க கணக்கு. அதுவரைக்கும் நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் தாண்டிக்குங்க" என்றார் அந்த அம்மாள். என் கணவர் பதினைந்து முறை போன் செய்தும் மரியாதை குறையாமல் பேசியவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கடைசியில் பெங்களூர் வழியாக, அக்டோபர் முப்பதாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு விமானம் என்று முடிவானது. மத்தியானம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, பதற்றமில்லாமல் கிளம்பலாமாம். எனக்கும் சம்மதம்தான். லேப்டாப்பைத் திருப்பி டிக்கெட்டைக் காட்டினார். அதில் இரண்டு பெயர் இருந்தது.

"நீங்க எதுக்கு?"

"நான் ஒண்ணும் நடக்கலே. ஓங்காரேசுவரத்துல உன்னை விட்டுட்டு வந்துடுவேன். மிஞ்சிப் போனா ஒரு காரை எடுத்துண்டு ரெண்டு நாள் பின்னாடி வருவேன். உனக்கு ஏதாவதுன்னா ஆள் வேண்டாமோ?"

அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அது போகட்டும். ஜானவியைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், எதிரில் லாட்ஜ் எடுத்து ஐந்து நாள் தங்கினார். ஆறாம் நாள் வார்டன் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். என் கணவரின் ரெண்டு நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

நான் தனியாகப் போக ஆசைப்பட்டேன். கல்யாணமானதிலிருந்து என் டிக்கெட் அவர் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. என் ஆதார் அட்டையும் அங்கேதான். ரயிலில் எனக்குப் பசிக்கிறதா என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். கொடுமைக்காரர் இல்லை, பாவம், அத்தனையும் பிரியம்தான். அந்தப் பிரியத்திலிருந்துதான் நாலு மாதம் லீவு வேண்டியிருந்தது. இதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே புரட்டாசி வந்துவிட்டது.

அக்டோபர் நடுவில் விமானக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் முப்பதாம் தேதி மாலை விமானம் மாற்றப்பட்டிருக்கிறது, இணைப்பு விமானம் கிடைக்காது, உங்களைச் சனிக்கிழமை மத்தியானம் இந்தூரில் சேர்க்கிறோம் என்றிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் என் குழு நதிக்கரையில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

"என்ன தவிர்க்க முடியாத காரணம்? கேக்கறேன் பாரு" என்று அவர் போன் போட்டார். எடுத்த பெண் இந்தியில் பேச, போன் என் கைக்கு வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, என்ன காரணம் என்று நான் கேட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "மேடம், நான் தமாஷ் பண்ணவில்லை. இங்கே அப்படித்தான் போட்டிருக்கிறது. அன்றைக்கு சாயங்காலம் உங்கள் ஊர் விமான நிலையத்தில் கடவுள் ஓடுபாதையைக் கடக்கிறாராம்" என்றாள்.

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. 'பகவான்' என்பதற்கும் 'ரன்வே' என்பதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வருஷத்தில் இரண்டு தடவை பத்மநாபசுவாமி சங்குமுகம் கடலில் நீராடப் போவார். அதுதான் ஆராட்டு. சுவாமி போகிற வழி பழையது. விமான நிலையம் நேற்று வந்தது. ஆகவே அன்று சாயங்காலம் விமானங்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஓடுபாதையைச் சுவாமிக்குத் திறந்துவிடுவார்கள். யானையும் மேளமுமாக ஊர்வலம் அதைக் குறுக்கே கடந்து கடலுக்குப் போகும். இது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். என் கணவர் அந்த ஊர்வலத்தில் எங்கள் தெருக்காரர்களோடு நடக்கிறவர். இருபது வயதிலிருந்து ஒரு ஆராட்டுக்கூடத் தவறவிட்டதில்லை.

துலாம் மாதத்து, அதாவது ஐப்பசித் திருவோணத்தன்று ஆராட்டு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அக்டோபர் முப்பது ஐந்தரை மணிக்கு விமானம் என்பதையும் சொல்வார். இரண்டும் ஒரே நாள் என்பது மட்டும் அவர் மண்டையில் படவே இல்லை. ஒன்று பஞ்சாங்கத்தில் இருந்தது, இன்னொன்று லேப்டாப்பில் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் படவில்லை. ஆனால் நான் தணிக்கை பார்த்தவள் இல்லையே.

ஜானவியைக் கூப்பிட்டோம். அவள் வீட்டுக்கு வந்து முறுக்கு தின்றுகொண்டே போனில் வழி கண்டுபிடித்தாள். முந்தின நாட்களில் ஒத்துவரும் விமானம் இல்லை. ஆராட்டன்று ராத்திரி விமானங்கள், சாயங்காலம் பறக்க முடியாதவர்களால் நிரம்பிவிட்டன.

"வியாழக்கிழமை காலம்பற தம்பானூர் ஸ்டேஷன்லேர்ந்து டிரெயின். கொச்சியில ஃப்ளைட். நடுவுல ஒரு மாத்தம். வெள்ளிக்கிழமை காலம்பற இந்தூர். சீட் இருக்கு. ரெண்டு பேருக்கும் போடட்டா?" என்றாள்.

காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் ஆராட்டில் அவர் இருக்க மாட்டார். கோயில் பக்கத்து ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு. ரெண்டு பேருக்கும்" என்றார்.

"ஆராட்டு?" என்றேன்.

"சுவாமி கூட நடக்க ஊரே இருக்கு. உனக்கு யார் இருக்கா?"

வேறு எந்தப் பெண்ணாவது இருந்தால் அந்த இடத்தில் கண்கலங்கியிருப்பாள். எனக்கும் கலங்கியது. ஆனால் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"எனக்கு யாரும் வேண்டாம். அதுக்குத்தான் போறேன்."

ஜானவி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தி, டிக்கெட் போடாமலே போனைக் கீழே வைத்தாள். அவர் எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். தீபாராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. லேப்டாப்பைத் திறக்கவில்லை. சிவகாமியம்மாளுக்கு போன் இல்லை. இந்தூரில் மழை உண்டா என்று பார்க்கவில்லை. காபி கொடுத்தால் குடித்தார். இந்த மனுஷர் வாய் மூடாதா என்று வாழ்நாளெல்லாம் ஏங்கியிருக்கிறேன். மூடியபோது பயமாக இருந்தது. வாங்கோ, கூடவே வாங்கோ என்று சொல்லிவிடலாமா என்று பத்துத் தடவை நினைத்தேன். பத்துத் தடவையும் அடுப்படிக்குத் திரும்பிப் போனேன். சொல்லியிருந்தால் சண்டை தீர்ந்திருக்கும். என் நடையும் அத்துடன் தீர்ந்திருக்கும்.

ஜானவியிடம் போடச் சொன்னால் அப்பாவா அம்மாவா என்று அவள் தவிப்பாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே போனை எடுத்தேன். ஜானவி அனுப்பியிருந்த விமானத்தைத் தேடிப் பிடித்தேன். பெயர், வயது, இருக்கை எல்லாம் நிரப்பினேன். வாழ்க்கையில் நான் போடுகிற முதல் டிக்கெட். கார்டு எண்ணையும் போட்டு அழுத்தியபோது, ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது.

பக்கத்து அறையில் அவர் போன் 'டிங்' என்றது.

அப்போதுதான் உறைத்தது. பாங்கு, காஸ், கரண்டு என்று எங்கள் வீட்டில் எல்லாமே அவர் நம்பரில்தான். நான் அவர் இல்லாமல் போவதற்கு அவர் வாயைத் திறந்து ஆறு எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்கவும் ரோஷம் விடவில்லை. அவரும் அசையவில்லை. திரையில் நேரம் ஓடி முடிந்துபோனது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் டிங். மறுபடியும் நேரம் முடிந்தது.

மூன்றாவது டிங்குக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எத்தனை தடவைடி அமுக்குவே? பாங்க்காரன் ப்ளாக் பண்ணிடுவான்."

மூன்று நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"தொகையைப் பார்த்தா ஒருத்தருக்குத்தான் வரது" என்றார் மறுபடி. தணிக்கைக்காரர் அல்லவா.

"ஒருத்தருக்குத்தான்" என்றேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாசற்படியில் வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, போனை முகத்தருகே பிடித்து, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நடுவில் ஒரு எண்ணை நான் தப்பாகப் போட்டேன். "ஏழு, ஏழு" என்று திருத்தினார். அழுத்தினேன். திரையில் சக்கரம் கொஞ்சம் சுற்றியது. டிக்கெட் வந்துவிட்டது. என் பெயர் மட்டும் இருந்தது.

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் வந்திருந்தா மூணாம் நாளே உனக்கு ஒரு டாக்சி வெச்சிருப்பேன்" என்றார்.

"ரெண்டாம் நாளே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரிக்கும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கக்கூட இல்லை.

"திரும்பி வரதுக்கு டிக்கெட்?" என்று கேட்டார்.

"எப்போ நடந்து முடிப்பேன்னு தெரியாதே. முடிஞ்சதும் அங்கேர்ந்து நானே போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ" என்றார். "ஓடிபி எனக்குத்தானே வரும். போனைக் கையிலயே வெச்சிண்டிருப்பேன்."