வெல்வெட்டுக்கு அடியில் ஒரு மூடி

அந்த சீட் கவர் கடைக்காரரை எல்லோரும் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். டேப் வைக்காமல் கண்ணாலேயே அளந்து வெட்டுவார். வெட்டியது ஒரு நூல்கூடப் பிசகாது. வெட்டுவதும் ஒட்டுவதும் அவர், தைப்பது அவர் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஷட்டருக்குள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறார்கள். "எங்க சண்டையெல்லாம் கடையிலயே முடிஞ்சிடும், வீட்டுக்குப் போனா பேச ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்று அவள் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மின்சாரக் கார்கள் பெருகிய பிறகு கத்திரிக்குப் புதிதாக ஒரு வேலை பிடிபட்டது. இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் ஒரு நாணயம் உருண்டால்கூடக் காதில் விழும். சாவிக்கொத்தும் தண்ணீர் பாட்டிலும் கதவின் அடிக்குழியில் கிடந்து கடகடவென்று ஆடும். அந்தக் குழிகளுக்குள் கெட்டி வெல்வெட்டை ஒட்டிக் கொடுத்தார். ஒரு மாடலில் மட்டும் பின்கதவுக் குழியிலிருந்து விடாமல் ஒரு கிடுகிடுப்பு வந்தது. அங்கே போட்டிருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. ஏதோ திருகாணியை மறைக்கிற மூடியாக இருக்கும் என்று நினைத்தார். ரப்பரை எடுத்துப் போட்டுவிட்டு, மூடியின் மேலேயே பசையைத் தாராளமாகத் தடவி வெல்வெட்டை அழுத்தினார். கிடுகிடுப்பு நின்றது. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று அந்த மாடல்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள்.

"கதவு பேர்ந்தாலும் பேரும், என் ஒட்டு பேராது" என்பார் கத்திரி. அது வெறும் பீற்றல் இல்லை. உண்மையாகவே பேராது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பல் டாக்டரம்மா வண்டியைக் கடைக்கு எதிரே வெயிலில் நிறுத்தினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கத்திரியிடம் குழிக்கு வெல்வெட் ஒட்டிக்கொண்டு போன அதே வண்டிதான். இப்போது சீட்டுக்குத் துணி பார்க்க வந்திருந்தார். பின்சீட்டில் அவருடைய அப்பா. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"இறங்கறீங்களா அப்பா?"

"நீ துணி எடுக்கப் போனா எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? உங்கம்மாகிட்ட முப்பது வருஷம் அனுபவம். ஏசியைப் போட்டுட்டுப் போ, நான் கண் அசந்துக்கறேன்."

கடைக்குள் கத்திரி துணி மாதிரிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் போன் கிணுகிணுத்தது. அவர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஒரு வாரமா உயிரை வாங்குது. வண்டிக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்காம், இப்ப போடலாமா, இப்ப போடலாமான்னு."

"போட்டுத் தொலைச்சிடுங்க டாக்டர், அதுக்கும் நிம்மதி உங்களுக்கும் நிம்மதி" என்றாள் கத்திரியின் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே 'சரி' என்ற இடத்தை அமுக்கினார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது அதில் மூன்றாவது வரி. பிறகுதான் படித்தார்கள்.

கால் மணி நேரம் போயிருக்கும். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நூல் மாற்ற அவள் மெஷினை நிறுத்தியபோது, தொப், தொப் என்று ஒரு சத்தம். கத்திரி நிமிர்ந்து பார்த்தார். காரின் பின்கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் ஓடினார்கள். அந்த வண்டியில் கைப்பிடி கதவுக்குள்ளேயே படுத்திருக்கும். கிட்டே போனால் தானாக நீண்டு வெளியே வரும். அன்றைக்கு வரவில்லை. டாக்டரம்மா போனை அழுத்தினார், சாவிக் கார்டைத் தேய்த்தார், நகத்தால் கைப்பிடியைக் கெல்லிப் பார்த்தார். உள்ளே திரை கறுத்துக் கிடந்தது. ஏசி நின்றுபோய் எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை. கூரை முழுக்கக் கண்ணாடி, உச்சி வெயில் நேராக டாக்டரம்மா அப்பாவின் தலையில். கிழவருடைய சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கதவிலிருந்த பட்டனை அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் நிதானமான குரலில் பேசினாள்.

"உள்ளே யாராவது இருக்காங்களா மேடம்?"

"எங்கப்பா! பின்சீட்டுல! கதவு திறக்கல!"

"பதறாதீங்க மேடம். முன்கதவுன்னா ஜன்னல் பட்டனுக்கு முன்னாடி ஒரு லீவர் இருக்கு, அதைத் தூக்கினா போதும். அவரால முன்சீட்டுக்கு வர முடியுமா?"

"காலை மடக்கவே முடியாதும்மா அவரால!"

"அப்ப பின்கதவோட அடிக்குழியில கை விடச் சொல்லுங்க. ஒரு ரப்பர் மேட் இருக்கும். அதைத் தூக்கினா சின்னதா ஒரு மூடி. மூடியைத் திறந்தா உள்ளே ஒரு வயர். அதை இழுத்தா கரண்ட் இல்லாமலே கதவு திறந்துடும்."

கத்திரியின் புத்திக்கு எட்டும் முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூடியின் விளிம்பு கட்டைவிரலில் அப்படியே ஞாபகம் வந்தது. மூடியில் ஏதோ படம் பொறித்திருந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கதவு, பக்கத்தில் ஒரு அம்பு. அதன் மேல்தான் பசையைத் தடவியிருந்தார்.

டாக்டரம்மா கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். "அப்பா! கீழே குழிக்குள்ள! மேட்டைத் தூக்குங்க!"

கிழவர் குனிந்தார். குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். நகத்தால் பிராண்டினார். மேலே பார்த்து உதட்டை அசைத்தார். ஒண்ணுமில்ல. வெறும் துணி.

"இருக்கும் மேடம், நல்லாத் தேடச் சொல்லுங்க" என்றது போன்.

"அது வராது" என்றார் கத்திரி. அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அவரால அதைப் பிரிக்க முடியாது."

கடைக்குள் ஓடிச் சுத்தியலை எடுத்து வந்தார். முன்ஜன்னலில் ஓங்கி ஒரு போடு போட்டார். கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டது, உடையவில்லை. இன்னொரு போடு. விரிசல் கூடியது, அவ்வளவுதான். வெளிச் சத்தம் கேட்காமல் இருக்க இரட்டைக் கண்ணாடி வைத்துச் செய்திருந்தார்கள். உள்ளே கிழவரின் கை கண்ணாடியிலிருந்து நழுவிக் கீழே போனது.

"பின்னாடி! பின்னாடி அடிங்க!" என்று மனைவி கத்தினாள்.

டிக்கிக் கண்ணாடி இரண்டாவது அடியில் கல்கண்டாக உதிர்ந்தது. கத்திரியின் உடம்புக்கு அந்த வழி போதாது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சில்லுக்கு மேலேயே கையூன்றி உள்ளே ஏறினாள். பின்சீட்டின் முதுகைத் தாண்டி, கிழவரைத் தாண்டி, இரண்டு முன்சீட்டுக்கு நடுவே புகுந்து முன்கதவு லீவரைத் தூக்கினாள். முன்கதவு திறந்தது.

கிழவர் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். ஆள் நல்ல கனம். கால் இரண்டும் விறைத்து நீட்டியிருந்தன. முன்பக்கமாக அவரை எடுக்க வழியே இல்லை. கத்திரி முன்சீட்டில் மண்டியிட்டு, தன் வெட்டுக் கத்தியோடு பின்கதவுக் குழிக்குள் குனிந்தார். வெல்வெட்டைக் குறுக்கே கிழித்தார். ஓரம் கிளம்பவில்லை. பசை பிசின் பிசினாக நூல் விட்டு இழுத்துப் பிடித்தது. தன் வேலையை அவர் அப்படித் திட்டியதே இல்லை. கத்தி நழுவி விரலில் இறங்கியது, அதைப் பார்க்கவில்லை. மூடி தெரிந்தது, நெம்பினார், வயரை இழுத்தார்.

'டக்'.

அவ்வளவுதான். ஒரு சின்ன 'டக்'. கதவு திறந்துகொண்டது.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது டாக்டரம்மா கத்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்" என்றார். கத்திரியின் இன்னொரு கையில் கிழிந்த வெல்வெட் துண்டு இருந்தது. அவர் வாயைத் திறந்தார். வண்டி போய்விட்டது.

கடைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மனைவியின் முழங்கையில் கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள். "கம்பெனி மேலதான் கோபமா இருக்காங்க."

"எனக்குத் தெரியுதே."

அவள் எழுந்தாள். ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே டாக்டரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். கத்திரியைப் பார்த்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான்தான் அமுக்கினேன். அப்பா உள்ளே இருக்கார்னு தெரிஞ்சும் அமுக்கினேன். படிச்சவ நான். நாலு வரி படிக்க முடியல எனக்கு."

அப்படியே விட்டிருந்தால் பாரம் முழுக்க அவர் தலையிலேயே இருந்திருக்கும். கத்திரி வெல்வெட் துண்டை எடுத்து நாற்காலியில் வைத்தார். மூடியின் அச்சு அதன் முதுகில் பசையோடு பதிந்திருந்தது. அம்புகூடத் தெரிந்தது.

"அந்த மூடி இருந்துச்சு டாக்டரம்மா. அதுக்கு மேல ஒட்டினது நான். என்னன்னு கேட்காம, சத்தம் வருதுன்னு ஒட்டிட்டேன். உங்கப்பா சரியாத்தான் தேடினார்."

டாக்டரம்மா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருத்தி இரண்டு தடவை குறுக்கே போய்விட்டு வந்தாள்.

"போயிடுங்க" என்றார் டாக்டரம்மா. "என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க."

கத்திரி திரும்பி நடந்தார். மாடிப்படி வரைக்கும் போயிருப்பார்.

"நில்லுங்க. இதே மாதிரி எத்தனை வண்டிக்கு ஒட்டியிருக்கீங்க?"

"நாப்பதுக்கு மேல இருக்கும்."

"நாப்பது வண்டியா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்புறம் இங்க என்ன செஞ்சுட்டு இருக்கீங்க?"

வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியையும் மனைவி போனில் படம் பிடித்து, சொந்தக்காரர் நம்பரோடு வைப்பது வழக்கம். கூடவே வந்து கீழே காத்திருந்த அவளும் கத்திரியும் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து எண்ணினார்கள். நாற்பத்து மூன்று. அங்கிருந்தே கூப்பிட ஆரம்பித்தார்கள். கத்திரிக்கு முதலில் எப்படிச் சொல்வது என்று புரியவில்லை. நாலாவது போனில்தான் வாய் பழகியது: "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். வண்டியை எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் பின்சீட்டுல யாரையும் உட்கார வைக்காதீங்க."

சிலர் அரண்டுபோய் உடனே கிளம்பினார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் சிரித்தார். "அட விடுங்க, பிரிச்சா மறுபடியும் அந்தக் கிடுகிடு சத்தம் வருமே?"

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வரட்டும் சார். உள்ளேர்ந்து ஆள் கண்ணாடியைத் தட்டற சத்தத்தை நான் இன்னிக்குக் கேட்டுட்டேன். இது பரவாயில்ல."

மறுநாளிலிருந்து கடை வாசலில் வண்டிகள் நின்றன. கத்திரி குனிந்து கிழிப்பார். வந்தவரையே கூப்பிட்டு வயரை இழுக்கச் சொல்வார். ஒரு அம்மாவின் வண்டியில் பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகள் மாட்டியிருந்தன. அவள் இழுத்தாள், கதவு திறந்தது. அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கத்திரியின் மனைவி போய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிழவர் மூன்றாம் நாள் கண் திறந்தார். இரண்டு வாரத்தில் வீடு திரும்பினார், பேச்சு மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. கத்திரி பார்க்கப் போனபோது, "ரயில்ல கதவு திறக்கலைன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். "இதுல யாரைக் கேக்கறதுன்னே தெரியல." கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், சாஃப்ட்வேர் பாதி ஏறும்போது கதவுக்கும் திரைக்கும் கரண்ட் கொடுக்கிற சின்ன பேட்டரி செத்துவிட்டது என்று சொன்னார்கள். அதைச் சரி செய்ய எல்லா வண்டிக்கும் இன்னொரு சாஃப்ட்வேர் அனுப்பினார்கள். டாக்டரம்மா பிறகு கடைப்பக்கம் வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு வண்டிகளைப் பிரித்தாகிவிட்டது. நாற்பத்து மூன்றாவது வண்டிக்காரர் அதை விற்றுவிட்டார். வாங்கிய தரகர் இன்னொருவருக்குக் கைமாற்றியிருந்தார். தரகர் கொடுத்த போன் நம்பர் அணைந்து கிடக்கிறது. கம்பெனியில் கேட்டால், இப்போதைய சொந்தக்காரர் விவரத்தைத் தர முடியாது, கடிதம் அனுப்புகிறோம் என்கிறார்கள். அனுப்பினார்களா என்று தெரியாது. வெள்ளை வண்டி. குழியில் பழுப்பு வெல்வெட்.

போன வாரம் கத்திரி சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றபோது, இரண்டு வண்டி தள்ளி அந்த மாடலில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. ஸ்கூட்டரை அப்படியே நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடினார். பின்ஜன்னலைத் தட்டினார். "கொஞ்சம் திறங்க! குழியில பாருங்க!" உள்ளே ஒரு பெண் பயந்து மறுபக்கம் நகர்ந்துகொண்டாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக் குழியைப் பார்க்க முயன்றார். அவருடைய நிழலே உள்ளே விழுந்து மறைத்தது. பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்து போய்விட்டது.