அப்பா மேல போட்ட கோடு

அண்ணா, கையெல்லாம் சோப்பு. வாயாலதான் சொல்றேன், போன் எழுதிக்கட்டும். நேத்து வீடியோல ஜன்னல் ஓரமா அப்பாவோட தட்டும் டம்ளரும் தனியா கவுத்து வெச்சிருந்துச்சு. நீ வெடுக்குனு போனைத் திருப்பின. ஆனா பாத்துட்டேன்.

"மாமாவுக்குப் புத்துநோய்க்குக் கரண்ட் வெக்கிறாங்கல்ல, அது உடம்புலயே தங்கும், பாப்பாவுக்கு ஆகாது"ன்னு அண்ணி சொன்னப்பவே நான் பயந்துபோய் அப்பாவைப் பாக்குற டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். கதிர் வெளிய இருக்குற மிஷின்லருந்து வருது, நெஞ்சுல கட்டி இருக்குற இடத்தைத் தாக்குது, அவ்வளவுதான்னாங்க. லைட்டை அணைச்சப்புறம் ரூம்ல வெளிச்சம் தங்குமாம்மான்னு கேட்டாங்க. சில பேருக்கு மருந்தை உடம்புக்குள்ளயே குடுப்பாங்களாம், அவங்கதான் கொஞ்ச நாள் தள்ளி இருக்கணும். அப்பாவுக்கு அது இல்ல. தாராளமா குழந்தையைத் தூக்கலாம். அன்னைக்கே உன்கிட்ட சொன்னேன். "சரி சரி, எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்"னு சொன்ன. சொன்னியா?

எனக்கு அப்பாகிட்ட நேரா பேச வழியில்ல. போனை அவர் கையில குடுக்கவே பயப்படுறீங்க.

மிஷினுக்குக் குறி வெக்க மொத நாள் அப்பா நெஞ்சுல கோடு போட்டாங்கல்ல, அன்னைக்கு எப்படி சிரிச்சாரு! "எத்தனை பேரு சட்டைத் துணியில கோடு போட்டிருப்பேன்? இப்ப என் மேலயே போட்டுட்டான். அளவாவது ஒழுங்கா எடுத்தானோ என்னவோ!" தையல்காரன் குசும்பு. இப்ப அந்தக் கோடு அழியக்கூடாதுன்னு பயந்து பயந்து குளிக்கிறாரு.

நேத்து பாப்பா ஓடி வந்து கவுனைத் தூக்கிக் காட்டினா. நெஞ்சுல ஊதா ஸ்கெட்ச்ல ஒரு கூட்டல் குறி. "அத்தை, எனக்கும் கரண்ட் வெச்சாச்சு. இப்ப தாத்தா ரூமுக்குப் போலாம்ல?"

அண்ணி அவளைத் தரதரன்னு பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போய்த் தேச்சாங்க. "விடுங்க அண்ணி"ன்னு இங்கருந்து கத்தினேன். நீ போனைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்ன. அவ திமிறிக்கிட்டு ஈரத்தோட தாத்தா ரூமுக்கு ஓடினா. அப்பாடா, இப்பவாவது தூக்கிப்பாருன்னு நினைச்சேன்.

கட்டில்ல உக்காந்தபடியே காலை நீட்டிக் கதவைத் தள்ளினாரு. கையால கூட இல்ல அண்ணா. "வராத கண்ணு. தாத்தா மேல கரண்ட் இருக்கு."

அவருக்கு யாருமே சொல்லலையா?

நீ கட் பண்றதுக்கு முன்னாடி கடைசியா பாத்தது இதுதான். மூடின கதவுக்கு முன்னாடி பாப்பா கவுனைத் தூக்கிக்கிட்டே நின்னா. தேச்ச இடம் ரத்தமா சிவந்து கிடந்துச்சு. கோடு மட்டும் போகல.